துவைக்காமல் அனுப்பவும்

ஜூன் 2

குருவி அப்பாவுக்கு,

நாங்கள் நலம். நீங்கள் நலமா என்று கேட்கமாட்டேன். முதுகு பிடித்திருக்கும், மெஸ் சாப்பாட்டில் உப்பு இருக்காது, பக்கத்துக் கட்டில்காரன் குறட்டை விடுவான். சரிதானே? உறையைப் பிரிக்காமலே சொல்லிவிட்டேன். பதினாறு வருஷம் உங்களோடு குப்பை கொட்டினவளுக்கு இது கூடத் தெரியாதா?

உங்கள் கடிதத்தைக் குருவிதான் சத்தமாகப் படித்தாள். "அப்பா லிஃப்ட் ரிப்பேருக்குப் போனாரா, லிஃப்ட் அப்பாவை ரிப்பேர் பண்ணிச்சா"ன்னு ஒரே சிரிப்பு. மூன்றாவது பக்கத்தில் நெஞ்சுக்குள் விசில் ஆரம்பித்துவிட்டது. மீதியை உங்கள் கிறுக்கலில் நான் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் அவள் மருந்தை இழுத்துவிட்டுத் தூங்கியே போனாள். பத்து வயசுப் பிள்ளைக்கு நாலு பக்கம் படிக்க மூச்சு போதவில்லை. அதனால் இனிமேல் சுருக்கமாகப் புலம்புங்கள்.

டாக்டரிடம் போனேன். ஊர் மாறப்போகிறோம் என்று சொன்னேன். "தாராளமா போங்க. அங்க பெரிய ஆஸ்பத்திரி இருக்கு. ஆனா எந்த ஊருங்கறது முக்கியமில்லம்மா, எந்தத் தெருங்கறதுதான் முக்கியம். புகை, தூசு, ஈரச்சுவர் இருக்கிற இடத்துல வச்சீங்கன்னா இன்னொரு மழைக்காலத்த இவ நெஞ்சு தாங்காது" என்றார். நான் வழக்கம்போலப் பல்லைக் காட்டிவிட்டு வெளியே வந்தேன். பெஞ்சில் உட்கார்ந்து புகை, தூசு, ஈரம் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் மூன்று இடம் எழுதியிருக்கிறீர்கள். பஸ் டெப்போ பக்கம், கால்வாய்க் கரை, தண்ணீர்த் தொட்டி மேடு. பெரிய ஊரில் இடம் தேடுவது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரிதான். புரோக்கர் பொய் சொல்வான், வீட்டுக்காரன் பொய் சொல்வான், நீங்களோ யார் என்ன சொன்னாலும் தலையை ஆட்டுவீர்கள். அதனால் நான் என் ஆட்களை அனுப்புகிறேன். இந்த உறைக்குள் மூன்று வெள்ளைக் கைக்குட்டை இருக்கிறது. எங்கள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வார்டுக்கு ஒரு நூல் தைப்போம் இல்லையா, அந்த மாதிரி மூலையில் தைத்திருக்கிறேன். சிவப்பு டெப்போவுக்கு, நீலம் கால்வாய்க்கு, பச்சை மேட்டுக்கு. நனைத்து, வீட்டு ஜன்னலுக்கு வெளியே ஒரு பகல் ஒரு ராத்திரி கட்டிவிடுங்கள். காய்ந்ததும் மடித்து அனுப்புங்கள். அந்தக் காற்றில் என்ன இருக்கிறது என்று துணி சொல்லும். ஆஸ்பத்திரித் துணியில் எது ரத்தம், எது டிஞ்சர், எது குழம்பு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவள் நான்.

ஒன்று. உங்கள் கிரீஸ் கட்டைவிரலை மட்டும் அதில் வைக்காதீர்கள். வைத்தால் ஊரை மோந்து பார்க்க முடியாது, உங்களைத்தான் மோக்க வேண்டிவரும். அது பதினாறு வருஷமாக மோந்தாகிவிட்டது.

இந்த வீட்டை மாசக் கடைசியில் காலி பண்ணுகிறோம் என்று சொல்லிவிட்டேன். என் வேலையையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி பின்னால் போக வழியில்லை, பார்த்துச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தலைவலி


ஜூன் 9

குருவி அம்மாவுக்கு,

கைக்குட்டைகள் வந்தன. அறையில் மூன்று பேர் இருக்கும்போது பிரித்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்கு இங்கே பெயர் 'கைக்குட்டை'. திருப்தியா?

நீ சொன்னபடி செய்தேன். விவரம் கீழே.

கால்வாய்க் கரை: தரைத்தளம். ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டுப் போய்க் கட்டினேன். வீட்டுக்காரர் தையல்காரர். "இது எந்தப் பூஜைக்கு?" என்று கேட்டார். சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரம்.

தண்ணீர்த் தொட்டி மேடு: அன்றைக்கே சாயங்காலம் கட்டினேன். மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. எங்கள் பணிமனையிலிருந்து இரண்டு பஸ், பிறகு ஏற்றம், பிறகு படி. வீட்டுக்காரி ஓய்வு பெற்ற நர்ஸ். நூறு கேள்வி கேட்டாள். காற்று மட்டும் சட்டையைப் பிடுங்குகிற மாதிரி அடிக்கிறது. ஆனால் குருவி தினமும் மூன்று மாடி ஏறுவாளா என்று யோசி.

டெப்போ பக்கம்: முதல் மாடி. கீழே வீட்டுக்காரரின் டயர் கடை. டெப்போ இருக்கிறது, ஆனால் நடுவில் உயரமான மதில், மரங்கள். காற்று எதிர்ப்பக்கம்தான் வீசும் என்று அவர் சொல்கிறார். இங்கே புதன்கிழமை வேலையிலிருந்து நேராகப் போய்க் கட்டினேன், வியாழன் வேலையிலிருந்து நேராகப் போய் அவிழ்த்தேன். எங்கள் பணிமனை நடந்து போகும் தூரம்.

இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். ஆறு மாதம் சோதனைக் காலம். ராத்திரி முறை வரும் வாரத்தில், எங்காவது லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டால் அரை மணிக்குள் போய் நிற்க வேண்டும். "நிக்க முடியாதவனுக்கு நிரந்தரம் இல்ல"ன்னு முகத்துக்கு நேராகவே சொன்னார். மேட்டிலிருந்து அந்த நேரத்தில் பஸ் கிடையாது. எனக்கு நாற்பத்தெட்டு வயது. இந்த வேலை போனால் இன்னொருவன் எனக்கு வேலை தரமாட்டான்.

எனக்கு எது வசதி என்று நான் சொல்லவில்லை. துணியைப் பார்த்து நீயே சொல். மூன்றையும் அனுப்பியிருக்கிறேன். சுத்தமாகத்தான் அனுப்பியிருக்கிறேன், திட்டாதே.

முதுகு வலி இல்லை. கழுத்து.

குருவி அப்பா


ஜூன் 14

என் கைக்குட்டை ராஜாவுக்கு,

பேர் நன்றாகத்தான் இருக்கிறது, நானும் இனி அப்படியே கூப்பிடுகிறேன்.

வேலை முடிந்ததும் மூன்றையும் சலவைக்கூடத்துப் பெரிய மேஜையில் விரித்தோம். குண்டூசியும் கூட இருந்தாள். அவள்தான், என்னோடு இஸ்திரி போடுகிறவள், ஒல்லியாக, நறுக்கென்று பேசுவாளே. நீலம் பூஞ்சை நாற்றம். பழைய பெட்டியைத் திறந்த மாதிரி. அதை அப்போதே ஓரமாகத் தள்ளிவிட்டோம். பச்சை லேசாக மண் பூத்து மஞ்சளாக இருந்தது. காற்று அடிக்கிற இடம், மண் வரத்தான் செய்யும். சிவப்பு? எனக்கே நம்பிக்கை வரவில்லை. மல்லிகைப் பூ தோற்றது. குண்டூசி சொன்னாள், "என்னடி இது, டெப்போவில பஸ் ஓடுதா, பல்லக்கு ஓடுதா?"

வாய் ஆயிரம் சொல்லட்டும், நான் துணியைத்தான் நம்புவேன். மதிலும் மரமும் தடுக்கிறதோ என்னவோ. உங்களுக்கும் நடந்து போகிற தூரம், வேலையும் நிலைக்கும், படியும் குறைச்சல். பழம் நழுவிப் பாலில் விழுந்தது. சிவப்பையே முடித்துவிடுங்கள். யோசிக்கிறேன் பேர்வழி என்று தாடையைச் சொறிந்துகொண்டு நிற்காதீர்கள், வேறு எவனாவது கொத்திக்கொண்டு போய்விடுவான்.

குருவி பரவாயில்லை. விசில் கொஞ்சம் கூடத்தான் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் இப்போது இவளை ஓடவிடுவதில்லை, மரத்தடியில் உட்காரவைத்து மற்றப் பிள்ளைகளின் பைக்குக் காவல் வைக்கிறார்கள். "நான் அங்க போனா ஓடுவேனாம்மா?" என்று கேட்டாள். "ஓடுவடி, உங்கப்பாவையே துரத்துவ" என்று சொல்லியிருக்கிறேன். என் வாக்கு, உங்கள் கையில்.

லாரிக்கு 29-ஆம் தேதி சொல்லியாகிவிட்டது.

உங்கள் தலைவலி


ஜூன் 19

குருவி அம்மாவுக்கு,

முடித்துவிட்டேன். கையெழுத்துப் போட்டு, முன்பணம் கொடுத்து, சாவி வாங்கியாகிவிட்டது. மூன்று நாளாக அங்கேதான் படுக்கிறேன்.

இரண்டு அறை, சின்ன சமையலறை. குழாயில் தண்ணீர் நன்றாக வருகிறது. சமையலறை ஜன்னல் கதவு சரியாக மூடவில்லை, கீலைக் கழற்றி மாட்டிவிட்டேன். குருவிக்கு ஜன்னலோரம் ஒரு பலகை அடித்திருக்கிறேன், உட்கார்ந்து படிக்கலாம்.

விடியற்காலையில் டெப்போவில் எல்லா வண்டியையும் ஒரே நேரத்தில் ஸ்டார்ட் செய்து நிறுத்திவைக்கிறார்கள். கொஞ்ச நேரம்தான். சத்தம் பழகிவிடும். காலையில் மூக்கைச் சிந்தினால் கரியாக வருகிறது. லிஃப்ட் குழிக்குள் இறங்குகிறவனுக்கு அது எப்போதும் உள்ளதுதான். பலகையைக் காலையில் துடைத்தேன், சாயங்காலம் மறுபடி துடைத்தேன்.

துணி வெள்ளையாக இருந்தது என்று நீ எழுதினதை நான் இரண்டு முறை படித்தேன். உனக்குத் தெரியாததா. நீ பார்த்துச் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

சூப்பர்வைசரிடம் விலாசம் கொடுத்தேன். முதல் தடவையாகச் சிரித்தார்.

வரும்போது என் பழைய ஸ்பேனர் செட்டை மறக்காதே.

குருவி அப்பா


ஜூன் 23

குருவி அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தில் சிரிப்பு இல்லை, தேடாதீர்கள்.

சாமான் கட்டும்போது அந்தச் சிவப்பு நூல் கைக்குட்டை கையில் வந்தது. கசங்கியிருந்தது. புது வீட்டில் முதல் நாள் குருவி கையில் கொடுக்கலாம் என்று இஸ்திரிப் பெட்டியை வைத்தேன். மூலை மஞ்சளாகக் கருகியது. இன்னொரு மூலையில் வைத்தேன். அங்கேயும் மஞ்சள். சோப்பைச் சரியாக அலசாத துணி சூட்டில் அப்படித்தான் கருகும். இதைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்குக் கை காய்த்திருக்கிறது.

நீங்கள் துவைத்திருக்கிறீர்கள்.

நீலத்தில் வைத்துப் பார்த்தேன், கருகவில்லை. பச்சையில் வைத்துப் பார்த்தேன், கருகவில்லை. சிவப்பு மட்டும். உங்கள் பணிமனைக்குப் பக்கத்து வீடு மட்டும்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு முழு பஸ் டெப்போவை ஒரு சோப்புக் கட்டியில் மறைத்தவரை இப்போதுதான் பார்க்கிறேன். "எனக்கு எது வசதி என்று நான் சொல்லவில்லை" என்று எழுதினீர்களே, வாயால் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். "வேலை முக்கியம், டெப்போ பக்கம்தான் வர வேண்டும்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் உங்களை மனுஷன் என்று நினைத்திருப்பேன்.

துவைக்காதீர்கள் என்று நான் எழுதவில்லைதான். சோற்றை வாயில் போடு, காதில் போடாதே என்று யாராவது எழுதுவார்களா?

இன்னொன்று. இதை எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். போன வெள்ளி, சனி இரண்டு நாளும் குருவி ஆஸ்பத்திரியில் இருந்தாள். உதடு நீலமாகிவிட்டது. நான் தேய்த்த படுக்கை விரிப்பின் மேலேயே அவளைப் படுக்கவைத்தார்கள். மூலையில் நீல நூல், குழந்தைகள் வார்டு, நானே தைத்தது. நீங்கள் பயந்து வேலையை விட்டுவிட்டு ஓடிவந்துவிடுவீர்கள் என்று மறைத்தேன். நானும் மறைத்தேன். ஆனால் நான் மறைத்தது உங்கள் வேலையைக் காப்பாற்ற. நீங்கள் மறைத்தது எதை?

லாரியை நிறுத்திவிட்டேன். இந்த வீட்டுக்கு ஒன்றாம் தேதி வேறு ஆள் வருகிறார்கள். குண்டூசி வீட்டில் ஒரு மூலை தருவதாகச் சொல்லியிருக்கிறாள், அங்கே போகிறோம். அந்த வீட்டுக்கு நாங்கள் வரமாட்டோம்.

எங்கள் தெரு மளிகைக் கடைக்காரர் போனுக்குக் கூப்பிடாதீர்கள். நாலு பேர் காதுக்கு நடுவில் நான் அழமாட்டேன்.

குருவி அம்மா


ஜூன் 27

குருவி அம்மாவுக்கு,

உன் கடிதம் இன்று காலை வந்தது. வேலைக்குப் போகவில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

டெப்போ வீட்டில் துணியை அவிழ்க்கப் போன அன்று நாள் முழுக்க மோட்டார் அறையில் இருந்தேன். கை கழுவாமல் நேராகப் போனேன். முடிச்சு இறுகியிருந்தது. அவிழ்த்ததும் பார்த்தால் சிவப்பு நூலுக்குப் பக்கத்தில் என் கட்டைவிரல் முழுசாகப் பதிந்திருக்கிறது. கிரீஸ் வைக்காதீர்கள் என்று நீ எழுதியிருந்தாய். நீ கேலிக்கு எழுதுவது எது, நிஜத்துக்கு எழுதுவது எது என்று பதினாறு வருஷமாக எனக்குத் தெரிந்ததில்லை. என் கறை அந்த இடத்தின் தலையில் விழக்கூடாது, அது நியாயமில்லை என்று நினைத்தேன். அந்த மூலையை மட்டும் சோப்புப் போட்டுக் கசக்கினேன்.

மூலை மட்டும் வெள்ளையாக வந்தது. மீதி சாம்பல் நிறத்தில் நின்றது. பார்க்க இன்னும் அசிங்கமாக இருந்தது. முழுசையும் கசக்கிவிட்டேன்.

நீ கேட்பாய். மூலை வெள்ளை, மீதி சாம்பல் என்றால் அந்தச் சாம்பல் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தோன்றவில்லையா? தோன்றியது. வாளித் தண்ணீர் கறுத்ததைப் பார்த்தேன். என் கிரீஸ்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஒரு கட்டைவிரலில் இருந்து ஒரு வாளி கறுக்காது. அது எனக்குத் தெரியும். நீ வெள்ளை என்று எழுதினதும், அப்பாடா, இவளே சொல்லிவிட்டாள் என்று உன் தலையில் போட்டுவிட்டு நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டேன். எதை மறைத்தேன் என்று கேட்டாயே, இதைத்தான். என்னிடமிருந்தே மறைத்தேன்.

உதடு நீலமானது எனக்குத் தெரியாது. அந்த வெள்ளிக்கிழமை நான் அவளுக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் டயர் கடைக்காரரிடம் போனேன். வீடு வேண்டாம், பணத்தைக் கொடுங்கள் என்றேன். "ஏன்யா, நேத்துதான சாவி வாங்கின, ஜன்னலெல்லாம் மாத்தின?" என்றார். பிள்ளைக்கு நெஞ்சு சரியில்லை, புகை என்றேன். "எம் பிள்ளைங்க மூணும் இங்கதான் வளர்ந்துச்சு" என்றார். பிறகு இருமினார். சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பணம் வராது. வேண்டுமானால் முன்பணம் வாடகையில் கழிகிறவரை இருந்துகொள் என்றார்.

சாயங்காலம் மேட்டுக்குப் போனேன். நர்ஸம்மாவின் வீடு இன்னும் காலி. பேசிவிட்டு வந்திருக்கிறேன். அடுத்த வாரம் சனிக்கிழமை வரை வைத்திருப்பதாகச் சொன்னாள். படி ஏறினதில் எனக்கே மூச்சு வாங்கியது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஒரு நாற்காலி போட அனுமதி கேட்டேன். "யாருக்கு, உனக்கா?" என்றாள்.

வேலை விஷயம் உனக்குத் தெரியும். அதைத் திரும்ப எழுதவில்லை. மேட்டுக்குப் போனால் அது போகலாம், போகாமலும் இருக்கலாம்.

இந்த உறையில் ஒரு புதுக் கைக்குட்டை இருக்கிறது. உன் கடிதம் வருவதற்கு முந்தைய நாள், டெப்போ ஜன்னலில் நானே வாங்கிக் கட்டினது. எனக்கே தூக்கம் வராமல் கட்டினது. நூல் தைக்கத் தெரியவில்லை, முடிச்சுப் போட்டிருக்கிறேன். துவைக்கவில்லை. என் கட்டைவிரலும் இருக்கிறது. எது நான், எது புகை என்று நீ பிரித்துப் பார். பார்த்துவிட்டு எந்த வீட்டுக்கு வருகிறாய், அல்லது வரவில்லையா என்று சொல். இந்த முறை உன் தலையில் போடவில்லை. மேட்டு வீட்டுக்கு வருவாய் என்றால் அதற்குரியதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

குருவி அப்பா


ஜூலை 1

குருவி அப்பாவுக்கு,

குண்டூசி வீட்டிலிருந்து எழுதுகிறேன். இங்கே நான்கு பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஏழு பேர் இருக்கிறோம், முழங்கையை மடக்கித்தான் எழுத வேண்டியிருக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் அதற்குக் கூட்டம்தான் காரணம்.

கைக்குட்டை வந்தது. கட்டைவிரலை உடனே கண்டுபிடித்துவிட்டேன். கிரீஸ் பளபளப்பாகத் துணிக்குள் இறங்கி நிற்கும். புகைக்கரி அப்படியில்லை, மேலாக உட்கார்ந்திருக்கும், ஊதினால் பறக்கும். நான் ஊதினேன். குருவி பக்கத்தில் இருந்தாள். இருமிவிட்டாள். அவ்வளவுதான், தீர்ப்பு முடிந்தது.

உங்களைத் திட்டி இன்னும் இரண்டு பக்கம் வைத்திருந்தேன். எழுதவில்லை. டெப்போவை ஒட்டின வீடு மல்லிகைப்பூ மாதிரி இருக்குமா என்று ஒரு சின்னப் பிள்ளைக்குக்கூடச் சந்தேகம் வரும். குண்டூசி கேட்கவும் செய்தாள். எனக்கு வரவில்லை. வரக் கூடாது என்று இருந்தேன். நீங்கள் நடந்து வீட்டுக்கு வருவீர்கள், வேலை நிலைக்கும், மூன்று பேரும் ஒன்றாக இருப்போம் என்று ஆசை. ஆசைக்கு ஒரு துணி சாட்சி சொன்னதும் பிடித்துக்கொண்டேன். ஆக, துவைத்தது நீங்கள், வெளுத்தது நான்.

மேட்டுக்கு வருகிறோம். லாரிக்காரரிடம் புது விலாசம் சொல்லிவிட்டேன். "மூணாவது மாடியா? லிஃப்ட் உண்டாம்மா?" என்று கேட்டார். "எங்க வீட்டுக்காரரு லிஃப்ட் மெக்கானிக்" என்றேன். "அப்ப கவலையில்ல" என்றார். நான் எதையும் திருத்தவில்லை, அந்த மூன்று மாடியில் அவரே தெரிந்துகொள்ளட்டும்.

உங்கள் வேலைக்கு ஒரு வழி சொல்கிறேன். ஆனால் எனக்கே பிடிக்காத வழி. முன்பணம் கழிகிறவரை டெப்போ வீடு நம்முடையதுதானே? ராத்திரி முறை வாரங்களில் நீங்கள் அங்கே படுங்கள். கூப்பிட்டால் அரை மணியில் போய் நில்லுங்கள். முறை இல்லாத வாரம் மேட்டுக்கு வாருங்கள். ஒரே ஊருக்கு வந்தும் பாதி நாள் பிரிந்துதான் இருக்க வேண்டும். கரி உங்களுக்கு, காற்று எங்களுக்கு. சொல்லவே நாக்கு கூசுகிறது. முடியுமா?

ஸ்பேனர் செட் எடுத்துவைத்துவிட்டேன்.

குருவி அம்மா


ஜூலை 4

முடியும். சனிக்கிழமை சாவி வாங்கிவிடுவேன். நாற்காலி போட்டாகிவிட்டது.

குருவி அப்பா


ஜூலை 22

டெப்போ ராஜாவுக்கு,

ஒரே ஊரில் இரண்டு பஸ் தூரத்தில் இருக்கிற புருஷனுக்குத் தபால்தலை ஒட்டுகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். தபால்காரர் விலாசத்தைப் பார்த்துவிட்டு என்னையும் பார்த்தார். "சண்டையா?" என்றார். "ராத்திரி முறை" என்றேன்.

உங்கள் சூப்பர்வைசர் சிரிப்பு நிலைத்திருக்கிறதா? நிரந்தரம் என்று ஒரு வார்த்தை வாயிலிருந்து வரும்வரை அந்த ஜன்னலை விடியற்காலையில் மூடியே வையுங்கள். ஈரத்துணியை இடுக்கில் செருகுங்கள். குருவி நெஞ்சைக் காப்பாற்றிவிட்டு உங்கள் நெஞ்சுக்கு நான் எந்த மேட்டைத் தேடுவது?

பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். மருந்தை மாற்றவில்லை. மழைக்காலம் வரட்டும், பிறகுதான் சொல்ல முடியும் என்றார்கள். அதனால் நானும் எதுவும் சொல்லமாட்டேன், கண் பட்டுவிடும். பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

முதல் வாரம் அந்த நாற்காலியில் உட்காராமல் இவள் மேலே வந்ததில்லை. இப்போது நர்ஸம்மாதான் அதில் உட்கார்ந்து காய் நறுக்குகிறாள். குருவி, "எந்திரிங்க பாட்டி, அது எங்கப்பா போட்ட நாற்காலி" என்று சண்டைக்குப் போகிறாள். சண்டை போட மூச்சு இருக்கிறது.

நேற்று சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள், சாப்பிட்டு ஜன்னலோரத்தில் படுத்தாள். டெப்போ வீட்டிலிருந்து நீங்கள் பிடுங்கி வந்து மாட்டின அதே பலகையில்தான். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று வீட்டில் என்னவோ குறைகிற மாதிரி இருந்தது. குழாயை மூடினேனா என்று பார்த்தேன். அடுப்பைப் பார்த்தேன். அப்புறம்தான் தெரிந்தது, விசில் சத்தம் இல்லை. ஓடிப்போய் அவள் மூக்குக்குக் கீழே விரலை வைத்தேன்.

சூடாக வந்தது. வந்துகொண்டே இருந்தது. சத்தமே இல்லாமல்.

விரலை எடுக்க எனக்கு மனசே வரவில்லை. அவள் கண்ணைத் திறந்து, "என்னம்மா, சோப்பு நாத்தம்" என்று தட்டிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை வரும்போது அழுக்குத் துணியை அப்படியே மூட்டை கட்டிக்கொண்டு வாருங்கள். ஒன்றையும் நீங்கள் துவைக்க வேண்டாம்.

உங்கள் தலைவலி